தனியாகப் போய்ப் பாண் வாங்க எவ்வளவு பிரெஞ்சு வேண்டும்?

கேள்வி: அக்கா, எனக்கு 59 வயது. பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவள். என் மூத்த அக்கா 1987இல் பிரான்ஸ் போனவர். அம்மாவைப் பார்க்க ஆளில்லாமல் நான் போகவே முடியவில்லை. ஒருமுறை விசாவும் மறுக்கப்பட்டது. இப்போது விசா கிடைத்து, ஆகஸ்ட் நடுப்பகுதியில் பயணம். "லாச்சப்பலுக்கு வந்தால் எல்லாம் தமிழ்தான், நீ ஏன் பிரெஞ்சு படித்து மினக்கெடுகிறாய்?" என்கிறார் அக்கா. எனக்கோ ஒருநாள் காலையிலாவது தனியாகக் கடைக்குப் போய்ப் பாண் வாங்கிவர ஆசை. கையில் பத்துக் கிழமை இருக்கிறது. முடியுமா?
வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் அக்கா சொல்வது பொய்யில்லை. பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தை விட்டு ஃபோபூர் சான் தெனி வீதியில் ஏறினால், அந்தப் பக்கம்தான் லாச்சப்பல், புடவைக் கடை, நகைக் கடை, கொத்துரொட்டி என்று எல்லாப் பலகையிலும் தமிழ் இருக்கும். ரூ பஜோலில் ('ரூ' என்றால் வீதி) மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்ரெம்பர் தொடக்கத்தில் வரும், நீங்கள் நிற்கும் காலம்தான். நடு வீதியில் சிதறு தேங்காய் உடைப்பதைப் பார்த்தால் பம்பலப்பிட்டியில் ஆடிவேல் பார்ப்பது போலிருக்கும். ஆனால் அக்கா வீட்டுக்குக் கீழே இருக்கிற பாண்கடையில் நிற்கும் மனுஷிக்குத் தமிழ் தெரியப் போவதில்லை. உங்கள் ஆசை அந்தக் கடைதானே? அதற்கு மட்டும் படிப்போம்.

ரயில் பாதையோரத்து வீட்டு விறாந்தையில் 22 வருடம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவள் நான். ரயில் போகும்போது பாடம் நிற்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் கூச்சக்காரப் பிள்ளைகள் வாய் திறந்து பழகுவார்கள், பிழை விட்டாலும் ஒருவருக்கும் கேட்காதே. அவ்வளவு படிப்பித்தவள் முதல்தடவை பிரான்ஸ் போய் ஒரு பாண்கடையில் என்ன செய்தேன் தெரியுமா? கதவைத் திறந்ததும் இலக்கணம் பிசகாமல், "எனக்கு ஒரு பகெத் வேண்டும், தயவுசெய்து" என்றேன். பகெத் என்பது அவர்களின் நீளப் பாண். அந்த அம்மா என்னைப் பார்த்தபடி நின்றார். உச்சரிப்புப் பிழையாக்கும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாம்தரம் சொன்ன பிறகு அவர் ஆறுதலாக, "போன்ஜூர், மதாம்" என்றார். முதலில் வணக்கம் சொல்லாமல் கேட்டது பிழையாம். கடைக்குள் காலை வைத்ததும் போன்ஜூர், பிறகுதான் மற்றதெல்லாம். பஸ் சாரதிக்கும் அப்படித்தான், மருந்துக் கடைக்கும் அப்படித்தான்.

கேட்கப் படிப்பது சுகம். திரும்பி வருகிற பதிலை விளங்கிக்கொள்வதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். பாண்கடையில் நடக்கப்போவதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள்: "போன்ஜூர், மதாம். யுன் பகெத், ஸில் வூ ப்ளே." கடைசியில் வருவதுதான் 'தயவுசெய்து'. அவர் எடுத்து வைத்துவிட்டு "அவெக் ஸெஸி?" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இதனோடு?' என்பதுதான். எங்கள் கடைக்காரர் "வேற?" என்று கேட்பாரே, அதே கேள்வி. இது தெரியாமல் முழிக்காத ஆள் இல்லை. "ஸெ தூ, மெர்ஸி" என்றால் அவ்வளவுதான், நன்றி என்று அர்த்தம். காசு கொடுத்து வெளிக்கிடும்போது இரண்டு பேரும் "பொன் ஜூர்னே", அதாவது நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பல் கட்டியிருந்தால் இன்னொன்றையும் பாடமாக்குங்கள்: "பா த்ரோ குயித்". கனக்க முறுகாதது தாருங்கள் என்பது. ரோஸ்ட் பாண் பிடித்தவர்களுக்கு அது தேவையில்லை. 'திரதிஸியோன்' என்று தனியாக ஒரு பாண் இருக்கும். 1993இல் வந்த அரச ஆணைப்படி அதற்கு மாவு, தண்ணீர், உப்பு, நொதியம் தவிரச் சேர்மானப் பொருள் எதுவும் போடக்கூடாது. சில சதம் கூட, ஆனால் ருசி வேறு.

அடுத்தது விலை. இங்கேதான் என் மாணவர்கள் அழுவார்கள். பிரெஞ்சில் எழுபது என்றால் அறுபது பத்து. எண்பது என்றால் நாலு இருபது. தொண்ணூற்றைந்துக்கு நாலு இருபது பதினைந்து, 'காத்ர வான் கேன்ஸ்'. சிரிக்க வேண்டாம், எண்பதைத் தாண்டியதும் நூறை இழுத்து வந்து தொண்ணூறு என்கிறவர்கள் நாங்களும்தான். இதற்குப் புத்தகம் வேண்டாம். காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வாகனத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பிரெஞ்சில் சொல்லுங்கள். பம்பலப்பிட்டிச் சந்தியைத் தாண்டுவதற்குள் பதினைந்து எண் வந்துவிடும்.

உச்சரிப்பில் இரண்டு விஷயம் போதும். 'ரூ' என்று நான் எழுதியது உண்மையில் ரூவும் இல்லை, ரீயும் இல்லை. வாயை ஊ சொல்லக் குவித்து வைத்துக்கொண்டு ஈ சொல்லுங்கள், வந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் பழகுங்கள், ஆனால் வீட்டில் பேரப்பிள்ளை இல்லாத நேரத்தில். மற்றது, 'போன்ஜூர்' என்பதில் ன் வாய்க்குள் முடியாது. நாக்கு மேலே தொடமுதல் மூக்கால் விட்டுவிட வேண்டும்.

நீ, நீர், நீங்கள் என்று எங்களுக்கு மூன்று படி. அவர்களுக்கு 'து', 'வூ' இரண்டுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தலைவலி, உங்களுக்கு ஐந்து நிமிடப் பாடம். தெரியாத எல்லோருக்கும் 'வூ'.

இன்னொரு இரகசியம். நீங்கள் ஏற்கெனவே பாதி தூரம் வந்தாயிற்று. பாண் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், பிரெஞ்சின் 'பேன்' அதன் உடன்பிறப்பு, இரண்டுக்கும் தாய் லத்தீன். அலுமாரி அங்கே 'ஆர்ம்வார்'. நாங்கள் இருக்கிற கதிரையும் அவர்கள் இருக்கிற 'ஷேஸ்'ஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் பள்ளிக்கூடத்தை 'இஸ்கோல்' என்பார்கள், அது பிரெஞ்சில் 'எக்கோல்'. வகுப்பில் முதல்நாள் இந்த நாலையும் கரும்பலகையில் எழுதினால் பயந்திருந்த முகங்களெல்லாம் தெளிந்துவிடும்.

வகுப்புத்தான் வேண்டுமென்றால் பார்ன்ஸ் பிளேஸில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆர்.எஃப்.ஐ. வானொலியின் இலகு பிரெஞ்சுச் செய்தியைப் போனில் கேளுங்கள், நாளுக்குப் பத்து நிமிடம். முதல் மாதம் ஒன்றும் விளங்காது, விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: ஆகஸ்டில் பாரிஸில் பாதிக் கடைக்காரர் விடுமுறையில் போய்விடுவார்கள். கதவில் 'ஃபெர்மே' என்று மட்டை தொங்கினால் பூட்டு. உங்கள் பிரெஞ்சில் பிழை என்று நினைத்துத் திரும்பிவிடாமல் அடுத்த தெருப் பாண்கடைக்கு நடவுங்கள்.

கேள்வி: அம்மாவைத் தம்பி பிரான்ஸுக்கு மூன்று மாதம் கூப்பிடுகிறான். அவன் என்ன கடிதம் அனுப்ப வேண்டும்?
கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: சும்மா கடிதம் எழுதினால் போதாது. தம்பி தான் குடியிருக்கும் ஊர் நகரசபையில் 'அத்தெஸ்தாஸியோன் தகேய்' என்ற பத்திரம், அதாவது வருகிறவரை வீட்டில் தங்கவைக்கிறேன் என்ற உறுதிப் பத்திரம், எடுக்க வேண்டும். வீட்டுப் பத்திரம், வருமான அத்தாட்சி எல்லாம் கேட்பார்கள். 30 யூரோ முத்திரைக் காசு, மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. மூலப் பிரதி கொழும்புக்கு வந்து சேர நாள் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் தள்ளிப்போடக் கூடாது. கடவுச்சீட்டு, திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். மூன்று மாதம் என்று சொல்லாதீர்கள், 90 நாள் என்று எண்ணுங்கள், விசாவின் எல்லை அதுதான். ஜூலையும் ஆகஸ்டும் சேர்ந்தால் மூன்று மாதம் 92 நாளாகிவிடும்.

பெயர் விஷயத்தில் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டிருங்கள். என் அயலவர் ஒருவர் தாயின் பெயரைப் போனில் சொல்ல, அங்கே மகன் ஆங்கிலத்தில் ஒரு 'எச்'சைக் கூட்டி எழுதிவிட்டார். கடவுச்சீட்டில் அந்த எச் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.

கேள்வி: ஜூன் மாதம் பாரிஸ் போகிறேன். மாமி கறிவேப்பிலை, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், நெய், கருவாடு எல்லாம் கட்டி வைத்திருக்கிறார். கொண்டுபோகலாமா?
தெஹிவளை வாசகி

பதில்: கருவாடு போகும், மாசிக் கருவாடும் போகும். குடல் எடுத்த மீன் என்றால் சொந்தப் பாவனைக்கு ஒருவருக்கு 20 கிலோ வரை விடுகிறார்கள். அவ்வளவு கட்டினால் பக்கத்துச் சீட்டுக்காரர்தான் பாவம். நெய் பால்பொருள், விடமாட்டார்கள். இறைச்சியும் கூடாது. பச்சை இலைக்கும் பழத்துக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அது தேவைப்படாத பழங்கள் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன், இந்த ஐந்துதான். கறிவேப்பிலையை லாச்சப்பல் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மாம்பழத்தை மாமியோடு இருந்து இங்கேயே சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.