இரண்டு கப்பல்களால் ஒரு முற்றுகை

கேள்வி: 1797இல் கேம்பர்டவுன் கடற்போரில் டச்சுக் கடற்படையை வென்றவர் ஆடம் டங்கன் என்று படித்தேன். அவர் எப்படிப்பட்ட அதிகாரி? நெல்சன் அளவுக்கு அவர் பேசப்படாதது ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: டங்கன் 1731இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர். 1746இல் உறவினர் ஒருவரின் தலைமையில் இருந்த சிறு போர்க்கப்பலில் சேர்ந்த அவர், பின்னர் அகஸ்டஸ் கெப்பலிடம் தொழில் பழகி, ஆப்பிரிக்கக் கரையோரக் கோரே தீவைத் தாக்கியபோது காயமுற்று, 1761இல் கேப்டனாகி, மறு ஆண்டு ஹவானாவைக் கைப்பற்றிய படையிலும் பணியாற்றினார். 1763இல் போர் ஓய்ந்ததும் அவருக்குக் கப்பல் இல்லாமற் போயிற்று. அரைச் சம்பளத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கரையிலேயே கழிந்தன. வட கடல் படையின் தலைமை 1795இல் கிடைத்தபோது அவருக்கு 60 வயது கடந்திருந்தது.

அவ்வாண்டு பிரெஞ்சுப் படை ஹாலந்தில் புகுந்ததால் டச்சுக்காரர் பிரிட்டனுக்குப் பகைவராயினர். திருகோணமலையும் கொழும்பும் அடுத்தடுத்து ஆங்கிலேயர் வசமானதும் இதன் தொடர்ச்சியே. ஐரோப்பாவில் டங்கனின் பணி, டெக்சல் துறையில் நின்ற டச்சுக் கப்பல்களை வெளியே வரவிடாமல் அடைத்து வைப்பது.

1797 மே, ஜூன் மாதங்களில் மாலுமிகளின் கலகம் அவருடைய படைக்கும் பரவியது. ஆறடி நான்கங்குல உயரமுள்ள டங்கன், அடமண்ட் கப்பலில் தம் அதிகாரத்தை மறுத்த மாலுமி ஒருவனை ஒரே கையால் தூக்கிக் கப்பலின் விளிம்புக்கு வெளியே பிடித்து, மற்றவர்களைப் பார்க்கச் செய்தார் என்பர். அப்படியும் அவருடன் நின்றவை தலைமைக் கப்பலான வெனரபிளும் அடமண்டும் மட்டுமே. அவ்விரண்டையும் கொண்டு டெக்சலின் வாயிலில் நின்று, தொடுவானத்துக்கு அப்பால் பெரும்படை காத்திருப்பதுபோல் சைகைக் கொடிகளை ஏற்றிக்கொண்டேயிருந்தார். டச்சுப் படை புறப்பட ஆயத்தமாக இல்லாததும் அவருக்குத் துணையாயிற்று. ஆயினும், கப்பல் மூழ்கும்வரை போரிடுவது என்று முடிவுசெய்து, மூழ்கினாலும் கொடி நீர்மட்டத்துக்கு மேல் பறக்கும்படியாக ஆழம் குறைந்த இடத்தில் நின்ற அந்த உறுதியே அவருடைய பணி வாழ்வின் உச்சம் என்று நான் கருதுகிறேன்.

அக்டோபர் 11ஆம் நாள் நடந்த போரில், காற்று கரையை நோக்கி வீச, ஆழமற்ற நீருக்குள் எதிரி ஒதுங்கிவிடுமுன் தாக்க விரைந்த டங்கன், அணிவகுப்பு முழுமையடையக் காத்திராமல், இரு கூட்டங்களாகப் பாய்ந்து டச்சு வரிசையை உடைத்தார். 11 கப்பல்கள் பிடிபட்டன. சரணடைந்த அட்மிரல் டி விண்டர் நீட்டிய வாளை ஏற்காமல் அவருடைய கையைப் பற்றினார்.

டங்கனுக்கு வைகவுன்ட் பட்டம் கிடைத்தது. ஆனால் மறு ஆண்டே நெல்சன் நைல் போரில் வென்றார். 1805இல் டிரஃபால்கரில் வெற்றியின்போதே உயிர்நீத்தார். அதற்கு முந்தைய ஆண்டு இறந்துவிட்ட டங்கனின் புகழ் அந்தப் பெரும்புகழில் மறைந்துபோயிற்று.