இனம் கேட்கும் தாளை எந்த பைலில் வைப்பது?

போகவந்தலாவையிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போய், எச்ஆர் உதவியாளராகச் சேர்ந்து ஆறு வாரமான தங்கச்சி கேட்டிருந்தார்: ஊழியர்கள் தங்கள் இனத்தைக் குறித்துத் தந்த தாள்களை அவரவர் பைலில் கோர்த்து வைத்தேன், மேலாளர் அத்தனையையும் கழற்றச் சொல்லிவிட்டார், ஓர் ஆளின் தாளெல்லாம் ஒரே பைலில் இருந்தால் என்ன பிழை?

நமக்குப் பழக்கம் அப்படித்தானே தங்கச்சி. நான் லீவில் வந்து டிக்கோயாவில் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், மழை விட்டபாடில்லை. நேற்று அம்மாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் இந்தியத் தமிழர். என்னுடையதில் அதே அப்பா இலங்கைத் தமிழர்! பதியப் போன அன்று யார் என்ன சொன்னார்களோ. இதைத்தான் போட்டோ கொப்பி எடுத்து வேலை விண்ணப்பத்தோடு இணைக்கிறோம். பைலைத் திறந்ததுமே இனம் தெரிந்துவிடும், யாருக்கும் அது உறுத்துவதில்லை.

அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைச் சட்டப்படி இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு பார்த்து வேலையில் வேறுபாடு காட்டக் கூடாது. அதே நேரம் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் கம்பெனி, எந்த வகை வேலையில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று வருடா வருடம் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழுவுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஈஈஓ-1 அறிக்கைக்குத்தான் உங்கள் தாள். கணக்கு வேண்டும், ஆனால் பதவி உயர்வைத் தீர்மானிக்கிறவர் கண்ணில் அது படக் கூடாது. ஆணைக்குழுவின் விதியே இதைத் தனியாக வைக்கப் பரிந்துரைக்கிறது. சம்பளப் பிரிவின் கணினியை உதாரணமாகவும் சொல்கிறது.

முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முன்பு வேலை செய்த ஒரு கிடங்கில், சூப்பர்வைசர் பதவிக்காக மேலாளர் நான்கு பைல்களை வாங்கிப் போனார். ஒன்றில் அந்தத் தாள் கிடந்தது, என் கவனக்குறைவு. வெள்ளைக்காரர் என்றே எல்லோரும் நினைத்திருந்த ஒருவர் அதில் அமெரிக்கப் பூர்வகுடி என்று குறித்திருந்தார். மறுநாள் கோப்பி மெஷின் பக்கத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் அப்படியா, தெரியாதே" என்றார். அந்த மனிதரின் காது சிவந்துபோனது. பதவி வேறொருவருக்குப் போனது. இனத்தால்தானா? அது மேலாளருக்கே வெளிச்சம். ஆனால் பதவி கிடைக்காத அந்த மனிதர் முறைப்பாடு செய்தபோது, "எனக்கு அது தெரியவே தெரியாது" என்று சொல்ல மேலாளருக்கு வழியில்லை.

மருத்துவத் தாள்களில் இன்னும் கவனம். அங்கே பரிந்துரை இல்லை, கட்டாயம்: 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனிக் கோப்பு, ரகசியம் என்கிறது. இருபது இறாத்தலுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் சொல்லலாம். என்ன நோய் என்று சொல்லக் கூடாது. வேலை அனுமதி பார்க்கும் ஐ-9 படிவத்தையும் தனியாக வையுங்கள். அதோடு சேரும் பாஸ்போர்ட் கொப்பியில் பிறந்த இடம் இருக்கும், சோதனைக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கவும் சுலபம்.

இனத்தைக் குறிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். கம்பெனி தன் பதிவுகளையோ பார்வையையோ வைத்துக் கணக்கில் சேர்க்கலாம். இந்தியத் தமிழர், இலங்கைத் தமிழர் சண்டையெல்லாம் அங்கே கிடையாது. நீங்களும் நானும் அண்ணனும் ஒரே பெட்டியில், ஆசியர்.

அப்புறம் ஒன்று. தாளைக் கழற்றிவிட்டீர்கள், சரி. பைலை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருந்தால் அந்தப் பக்கம் இன்னும் அங்கேயே இருக்கும். யார் யார் அதைத் திறக்கலாம் என்று திங்கட்கிழமையே ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.