முகமூடிக்குள்ள குரல் அடைபடுது, சேர்!
கிரேக்க நாடகச் செயற்றிட்டம்: கேள்வி பதில்

நாடகமும் அரங்கியலும் பாடத்துக்காகக் கிரேக்க அரங்கைச் செய்து பார்க்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு அரங்கியல் ஆசிரியர் ஒருவர் தந்த பதில்கள். பலர் கேட்ட ஒரே கேள்வி ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

வாழைச்சேனை, மாணவி: சேர், பலூனில பேப்பர் ஒட்டித்தான் முகமூடி செய்றம். பாதி காய முதலே வெடிக்குது. வெடிக்காததும் விடிய நெளிஞ்சு கிடக்குது. என்ன பிழை?

வெயில்ல வச்சதுதான் பிழை மகள். வெயிலில் பலூனுக்குள் இருக்கும் காற்று விரியும், இரவில் சுருங்கும். ஈரப் பேப்பரும் அதோடு சேர்ந்து இழுபட்டு நெளியும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நூலில் கட்டித் தொங்க விடுங்க.

அளவு இதுதான். பலூனை 25 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மட்டும் ஊதுங்க. இறுக ஊதினால் வெடிக்கும். ஒரு கோப்பை கோதுமை மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்சத் தண்ணீரையும் விட்டு (மொத்தம் நான்கு கோப்பை), கஞ்சி பளபளக்கும் வரை காய்ச்சி ஆறவிட வேண்டும். ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால் பூஞ்சணம் பிடிப்பது குறையும். துரிசு போடச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதீங்க, அது நஞ்சு. இந்தச் சாமான் முகத்தில் மாட்டுறது.

பேப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம் மெலிந்திருப்பதால் அடுத்த துண்டோடு படிந்து ஒட்டும், வெட்டிய ஓரம் கோடு கோடாகத் தெரியும். துண்டு 3 சென்ரிமீற்றர் அகலம், 8 நீளம். முதற் படையைப் பசையில்லாமல் வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் பிறகு பலூன் தானாகக் கழன்று வரும். அதன்மேல் பசையோடு ஐந்து படை. ஒரு படைக்குப் பத்திரிகைத் தாள், அடுத்ததுக்குப் பழைய கொப்பித் தாள் என்று மாறி மாறி ஒட்டினால் எங்கே படை விடுபட்டது என்று கண்ணுக்கே தெரியும். இரண்டு படைக்கு ஒருக்கால் காயவிடுங்க. ஐந்தையும் ஒரே மூச்சில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே புளித்துப் போகும்.

நெடுக்காக வெட்டினால் ஒரு பலூனில் இரண்டு முகமூடி. பதினைந்து பேருக்கு எட்டுப் பலூன், வெடிப்பதுக்கு இன்னும் நாலு, ஏறத்தாழ 400 கிராம் மா.

கல்முனை, ஆசிரியை: எங்களுக்கு நிகழ்ச்சி மார்கழியில். அந்த மழைக்குள் இதெல்லாம் காயுமா?

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது ஒரு நாளில் காய்வது, வாடை மழையில் மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். ஆகவே முகமூடி ஓடுகளை மட்டும் புரட்டாதிக்குள் செய்து வைத்துவிடுங்க ரீச்சர், வர்ணம், தலைமுடி வேலையைப் பிறகு பார்க்கலாம். அது முடியாவிட்டால் மாப்பசையை விட்டுவிட்டு, பைண்டர் கம் என்று கடையில் விற்கும் வெள்ளைப் பசையைச் சரிபாதி தண்ணீரில் கலந்து பாவியுங்க. செலவு கூடும், ஆனால் ஈரம் குறைவு, பூஞ்சணமும் பிடிக்காது. படையை மூன்றாகக் குறைத்து, ஃபானுக்குக் கீழே காயவிடலாம்.

எந்தப் பசையானாலும் உட்பக்கத்துக்கு இதே கலவையை இரண்டு தரம் பூசிக் காயவைக்க மறக்க வேண்டாம். எங்கள் ஊர் வேர்வைக்கு மாப்பசை அரை மணித்தியாலத்தில் இளகத் தொடங்கும்.

ஏறாவூர், களுவாஞ்சிக்குடி, தம்பிலுவில் (மூவர்): முகமூடி போட்டால் பேசுவது விளங்குதில்லை. கிரேக்க முகமூடியின் வாய் ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்ததாமே, எங்களுடையது ஏன் செய்யுதில்லை?

அந்த ஒலிபெருக்கிக் கதையைக் குறிப்புகளிலிருந்து வெட்டிவிடலாம். அக்கால முகமூடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பசையில் விறைக்க வைத்த லினன் துணி, மரம், தக்கை போன்றவற்றால் செய்ததால் எல்லாம் உக்கிப் போயின. சாடி ஓவியங்களை வைத்துத்தான் பேசுகிறோம். கி.மு. 400 அளவில் வரைந்த புரொனொமொஸ் சாடி அவற்றில் முக்கியமானது. அதில் நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்திருப்பார்கள்: தலைமுடியோடு சேர்ந்து முழுத் தலையையும் மூடும் வகை, வாய் அளவாகத்தான் திறந்திருக்கும். ஆவென்று பிளந்த வாய், நெற்றிக்கு மேல் கோபுரமாய் எழும்பிய முடி, உயர்ந்த அடிச் சப்பாத்து எல்லாம் பிந்திய காலத்தவை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நாடகாசிரியரான சோபோகிளிஸின் நாடகத்துக்கு அவற்றைப் போட்டால் காலம் பிழைக்கும்.

உங்கள் முகமூடியில் குரல் அடைபடுவதற்குக் காரணம், அது முகத்தோடு ஒட்டிக் கிடப்பது. நெற்றியில் ஒன்று, இரண்டு கன்ன எலும்பிலும் ஒவ்வொன்று என 1 சென்ரிமீற்றர் தடிப்பான ஸ்பொஞ்சுத் துண்டு மூன்றை உள்ளே ஒட்டுங்க. முகமூடி முகத்தை விட்டு எழும்பும், தாடை அசைய இடம் கிடைக்கும், மூச்சும் முட்டாது. வாய்த் துளை 5 சென்ரிமீற்றர் அகலம், 3 உயரம் இருக்கட்டும். உதடு தெரியக் கூடாது, ஆனால் உதட்டுக்கு நேரே துளை இருக்க வேண்டும். பலரும் ஒரு விரல் மேலே வெட்டி, மூக்கடியில் துளை வைத்துவிடுகிறார்கள். மாட்டிப் பார்த்து, பென்சிலால் குறித்த பிறகே வெட்டுங்க.

பரிசோதிக்க ஒரு வழி: ஒரு பிள்ளை இருபது அடி எடுத்து வைத்துப் போய், முதுகு காட்டி நிற்கட்டும். முகமூடி போட்டவர் வசனம் பேச, விளங்காத சொல் வந்தவுடன் அந்தப் பிள்ளை கையை உயர்த்த வேண்டும். கை உயரும் இடங்களைப் பிரதியில் குறித்தால், பெரும்பாலும் வசனத்தின் கடைசிச் சொல்லாகவே இருக்கும். அங்கே மூச்சுத் தீர்ந்துவிடுகிறது, முகமூடியில் பிழையில்லை.

அதோடு, ஒத்திகையின் கடைசி நாளில் முகமூடியைக் கொடுத்தால் ஒன்றும் சரிவராது. குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னரே மாட்டிப் பழக்குங்க. பக்கவாட்டில் திரும்பினால் முகம் செத்துப்போகும். யாரோடு பேசினாலும் முக்கால்வாசி பார்வையாளர் பக்கம்தான். தலையைச் சற்றுக் குனிந்தால் கண்குழியில் நிழல் விழுந்து துயரம் தெரியும், நிமிர்ந்தால் அது போய்விடும். இதைப் பிள்ளைகள் சோடியாக நின்று ஒருவரையொருவர் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். கையால் முகமூடியைத் தொடவே கூடாது, தொட்டால் அது பேப்பர் என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும்.

அக்கரைப்பற்று, ஆசிரியர்: முகத்திலேயே பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் பூசி அச்சு எடுக்கலாமா?

வேண்டாம் சேர். அந்தத் தூள் இறுகும்போது சூடேறும், தோல் வேகும். களிமண்ணில் பலகைமேல் முகம் பிடித்து, வாஸ்லின் பூசி, அதன்மேல் பேப்பர் ஒட்டுங்க. ஒரே அச்சில் பதினைந்து முகமும் எடுக்கலாம். கோரஸுக்கு (சேர்ந்து பாடி ஆடும் குழுவுக்கு) ஒரே முகம்தானே வேண்டும்.

பட்டிருப்பு, மாணவன்: மூன்று நடிகர் மட்டும் என்றால் ஈடிப்பஸ் மன்னன் நாடகத்தின் இத்தனை பாத்திரத்தையும் எப்படி நடித்திருப்பாங்க?

நல்ல கேள்வி தம்பி, இதையே செயற்றிட்டமாகச் செய்யலாம். தெஸ்பிஸ் ஒரு நடிகரோடு தொடங்கினார், எஸ்கிலஸ் இரண்டாமவரைச் சேர்த்தார், சோபோகிளிஸ் மூன்றாமவரைச் சேர்த்தார் என்று மனப்பாடம் பண்ணுவதைவிட, ஒரு தாளில் கட்டம் போடுங்க. மேலே காட்சிகள், பக்கத்தில் பாத்திரங்கள், யார் எந்தக் காட்சியில் நிற்கிறார் என்று புள்ளி. பிறகு மூன்று நிறத்தால் பங்கிடுங்க. ஒரே காட்சியில் ஒரே நிறம் இரண்டு தரம் வரக் கூடாது.

இப்படி வரும்: முதல் நடிகர் ஈடிப்பஸ் மட்டும். இரண்டாமவர் பூசாரி, யொகாஸ்டா, கிழ இடையன், அரண்மனைத் தூதன். மூன்றாமவர் கிரேயன், தைரேசியஸ், கொரிந்துத் தூதன். இடையன் வரும் காட்சிக்கு முன்னமே யொகாஸ்டா உள்ளே ஓடிவிடுகிறாளே, ஏன் என்று இப்ப விளங்கும். கதைக்கு அவள் போக வேண்டும், நடிகருக்கும் உடுப்பு மாற்ற வேண்டும். அதற்கு அவகாசம் தருவது கோரஸின் பாட்டு. அந்தப் பாட்டுகளை நேரம் போதாதென்று முழுதாக வெட்டும் குழுவுக்கு உடுப்பு மாற்ற நேரமிராது.

அன்ரிகனி நாடகத்திலும் பாருங்க: காவலாளி போன பிறகுதான் இஸ்மினி வருவாள். இரண்டையும் ஒருவரே செய்யலாம்.

ஈடிப்பஸுக்கு மட்டும் இரண்டு முகமூடி செய்யுங்க. கண்ணைக் குத்திக்கொண்டு திரும்பி வரும்போது இரத்தம் வடிந்த முகம் வேண்டும். மேடையில் சிவப்புச் சாயம் பூசப் போனால் காட்சி சிரிப்பாகிவிடும்.

ஆரையம்பதி, மாணவி: கூத்தில் பிற்பாட்டுப் பாடும் சபையோரும் கிரேக்கக் கோரஸும் ஒன்றென்று எழுதலாமா?

எழுதினால் புள்ளி குறையும். வட்டக் களரியைச் சுற்றிச் சனம் இருப்பது, பாட்டும் ஆட்டமும் சேர்ந்து வருவது, கோயில் விழாவோடு ஒட்டியிருப்பது எல்லாம் ஒப்பிடக் கூடியவைதான். ஏதென்ஸிலும் டயோனிசஸ் என்ற தெய்வத்தின் விழாவில்தான் நாடகப் போட்டி நடந்தது. ஆனால் சபையோர் அண்ணாவியாரோடு (கூத்தைப் பழக்கி நடத்துபவரோடு) நின்று பாட்டைத் தாங்குபவர்கள், கதைக்குள் ஆட்கள் இல்லை. கோரஸோ கதைக்குள்ளேயே இருப்பது: ஈடிப்பஸ் மன்னனில் தீப்ஸ் நகரத்துப் பெரியவர்கள். அவர்கள் அரசனோடு பேசுவார்கள், புத்தி சொல்வார்கள், பயப்படுவார்கள். கட்டியக்காரனையும் தூதனையும் போட்டுக் குழப்பாதீங்க. கட்டியக்காரன் வரப்போகிறவரை அறிவிப்பவன், கிரேக்கத் தூதன் மேடைக்கு வெளியே நடந்து முடிந்த சாவைச் சொல்பவன்.

எண்ணிக்கையும் கேட்பார்கள்: முதலில் 12, சோபோகிளிஸ் 15 ஆக்கினார். இசைக்கருவி ஔலொஸ். அது புல்லாங்குழல் இல்லை, சீவாளி வைத்து ஊதும் இரட்டைக் குழல், நாதஸ்வரத்துக்குத்தான் கிட்ட. வகுப்பில் ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தாலே போதும். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டை அப்படியே எடுத்துக் கோரஸுக்கு ஆட வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஆட்டம் நன்றாயிருக்கும், சொல் ஒன்றும் கேட்காது. மத்தளத்தை நடைக்கு மட்டும் வைத்து, பேசும்போது நிறுத்துங்க.

காரைதீவு, மாணவன்: அரிஸ்டோட்டில் சொல்லும் தலைகீழ் மாற்றம், அறிந்துகொள்ளல் இரண்டையும் எப்படி விளங்கப்படுத்துவது?

உங்கள் ஊரில் வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குக் கண்ணகி வழக்குரை படிக்கிறார்களே, அதிலேயே இருக்கிறது. பாண்டியன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னது தவறு. சிலம்பு உடைந்து, அரசி சிலம்பின் முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தபோது தான் செய்தது என்னவென்று அறிகிறான். அந்தக் கணமே நீதிபதி குற்றவாளியாகிறான். அறிதலும் தலைகீழாதலும் ஒன்றாய் நேர்வதே சிறந்தது என்பது அரிஸ்டோட்டில் கருத்து. ஈடிப்பஸிலும் அப்படியே. அரிஸ்டோட்டில் சொல்லும் தவறு என்பதைக் "கெட்ட குணம்" என்று எழுத வேண்டாம். ஈடிப்பஸ் தெரியாமல் செய்தான், அதனால்தான் இரக்கம் வருகிறது.

செங்கலடி, ஆசிரியை: சுவரில் நாடக வரலாற்றுக் காலக்கோடு ஒட்ட என்ன அளவு?

பத்து வருடத்துக்கு 1 சென்ரிமீற்றர். தெஸ்பிஸ் கி.மு. 534 அளவில், விபுலானந்தரின் மதங்க சூளாமணி என்ற நாடக நூல் 1926, பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய கர்ணன் போர் கூத்து 1962. பூச்சிய வருடம் இல்லாததால் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும்: 2495 வருடம், கிட்டத்தட்ட இரண்டரை மீற்றர். ஒரு சுவருக்குச் சரி. ஆனால் தெஸ்பிஸிலிருந்து சோபோகிளிஸும் யூரிப்பிடிஸும் இறந்த காலம் வரை 13 சென்ரிமீற்றருக்குள் நெருங்கிவிடும். அதற்குக் கீழே வருடத்துக்கு 1 சென்ரிமீற்றராகத் தனிக்கோடு போட்டு, பாரசீகர் 472, ஒரெஸ்தியா 458, மீடியா 431 என்று நாடகங்களைப் பிரியுங்க. கி.மு. வருடங்கள் குறைந்துகொண்டு வரும் என்பதைப் பிள்ளைகள் மறந்து திருப்பி ஒட்டுவார்கள், கவனம்.

சம்மாந்துறை, ஆசிரியை: எங்களது பெண்கள் பாடசாலை. ஆண் பாத்திரம் பொருந்துமா?

தாராளமாக. அங்கே ஆண்களே பெண் பாத்திரமும் செய்தார்கள், முகமூடி அதற்குத்தான் உதவியது. மேடைக்கு வரக் கூச்சப்படும் பிள்ளைகளைக் கோரஸில் போடுங்க. குரலைத் தடிப்பாக்கச் சொல்லாமல், வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்க. கிரேயன் மெதுவாகப் பேசினாலே அதிகாரம் வரும்.

திருக்கோவில், மாணவர் குழு: பிணத்தை வெளியே உருட்டிக் கொண்டுவரும் மேடையைச் செய்யலாமா?

செய்யலாம். 120 க்கு 90 சென்ரிமீற்றர் பிளைவூட், 18 மில்லிமீற்றர் தடிப்பு, கீழே இரண்டு குறுக்குச் சட்டம், நான்கு மூலையிலும் சில்லு. சில்லின் விட்டம் 10 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. சின்னச் சில்லு சீமெந்துத் தரை வெடிப்பில் சிக்கி, பலகை நின்று, பிணம் எழும்பி நடக்க வேண்டி வரும். உங்கள் மண்டப மேடைக் கதவின் அகலத்தை முதலில் அளந்துவிட்டுப் பலகை வெட்டுங்க. ஆளைப் படுக்க வைக்காமல், உமி அடைத்த துணிப் பொம்மைக்கு முகமூடி மாட்டி வையுங்க. கயிற்றை முன்னுக்கு இழுக்க ஒன்று, பின்னுக்கு இழுக்க ஒன்று என்று இரண்டாகக் கட்ட வேண்டும், திரும்ப உள்ளே போகவும் வேணுமே.