வெயில் எட்டாத அறைக்கு என்ன செடி?

ஏசி அலுவலகச் செடிகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கிண்டி வாசகி: அலுவலகம் நான்காவது மாடி. என் மேஜைக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லை. காலை 9 முதல் இரவு 7 வரை டியூப்லைட், ஏசி 24-இல். மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆசையாக வாங்கிய குரோட்டன்ஸ் இலையெல்லாம் கொட்டிவிட்டது. சக்யுலன்ட் (சதைப்பற்றுள்ள செடி) இரண்டும் கழுத்து நீண்டு சாய்ந்துவிட்டன. வித்தியாசமாக வேறென்ன வைக்கலாம்?

செடியின் பெயரைக் கேட்பதற்கு முன் வெளிச்சத்தை அளந்துவிடுங்கள். நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும், அதை நம்பக்கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; சென்னையின் உச்சிவெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மரநிழலில்கூடச் சில ஆயிரம் இருக்கும். பளிச்சென்று தெரிகிற அலுவலக மேஜையில் 300 முதல் 500 வரைதான். குரோட்டன்ஸ் ஏன் கொட்டியது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, இலை இருக்கப்போகும் உயரத்தில் திரை மேலே பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். துல்லியமாக இராது, முடிவெடுக்கப் போதும். 200-க்குக் கீழே என்றால் எந்தச் செடியும் அங்கே நிலையாக வேண்டாம். 250-இலிருந்து 500 என்றால் தாக்குப்பிடிக்கும் செடிகள் உண்டு, ஆனால் வேகமாக வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 500-இலிருந்து 1000 வரை கிடைத்தால் தேர்வு செய்ய நிறையவே இருக்கிறது.

முதல் பரிந்துரை கறுப்பு இசட்இசட். நர்சரியில் 'பிளாக் ஜீஜீ' என்று கேளுங்கள். புதுத் தண்டு வெளிர்பச்சையாகத்தான் வரும்; சில வாரங்களில் கறுக்கும். வெளிர்பச்சையைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும் கிழக்கு ஆப்பிரிக்கச் செடி இது. 300 லக்ஸிலும் மாதக்கணக்கில் முகம் வாடாது.

இரண்டாவது அஸ்பிடிஸ்ட்ரா. இதைச் சென்னை நர்சரிகளில் தேடித்தான் வாங்க வேண்டும், ஆனால் தேடலாம். நீண்ட, தடித்த கரும்பச்சை இலை. வெள்ளைப் புள்ளி தெளித்த வகையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் இருந்த இருட்டு வரவேற்பறைகளிலேயே பிழைத்தது இது. பூவைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். மண் மட்டத்தில், ஊதா நிறத்தில் ஒளிந்து பூக்கும். அடிக்கடி தொட்டி மாற்றினால் இதற்குப் பிடிக்காது.

மூன்றாவது, ஸ்நேக் பிளான்ட்டின் உறவான 'வேல் ஃபின்'. ஒற்றை அகல இலை, திமிங்கிலத் துடுப்பு மண்ணிலிருந்து எழுந்து நிற்பது போலிருக்கும். அலுத்துப்போன செடியின் சொந்தக்காரன்தான் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு நிபந்தனை: இலை வாங்கும்போதே நல்ல அளவில் இருக்கட்டும். உங்கள் வெளிச்சத்தில் அடுத்த இலைக்குப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

500 லக்ஸுக்கு மேல் கிடைத்தால் ஸிண்டாப்சஸ் பிக்டஸ் வையுங்கள். மணி பிளான்ட் போலவே படரும், ஆனால் இலை வெல்வெட் மாதிரி, மேலே வெள்ளி தூவியது போலிருக்கும். தாகம் எடுத்தால் இலை உள்பக்கமாகச் சுருளும், தண்ணீர் விட்டால் விரியும். எப்போது ஊற்றுவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

அக்லோனிமாவில் வெள்ளியும் பச்சையும் கலந்த வகைகளை எடுங்கள். கடையில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு வகை உங்கள் மேஜையில் நிறம் மங்கிவிடும். இலையில் வெள்ளைப் பட்டை அதிகமுள்ள எந்தச் செடிக்கும் இதே கதிதான். வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை, மீதிப் பச்சைதான் மொத்தச் செடிக்கும் சமைத்துப் போட வேண்டும். சக்யுலன்ட், ஃபைகஸ் போன்சாய், மண்ணில்லாமல் வளரும் ஏர் பிளான்ட் மூன்றையும் யார் பரிசாகக் கொடுத்தாலும் வீட்டு ஜன்னலுக்குக் கொண்டு போய்விடுங்கள்.

ஓ.எம்.ஆர். வாசகர்: கலாத்தியாவுக்குத் தினமும் ஸ்பிரே செய்கிறேன். ஆனாலும் இலை நுனி கருகுகிறது. ஏசிக் காற்று காரணமா?

பாதிதான். ஓடுகிற ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. வெளியே ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளிலும் உள்ளே 50-க்குக் கீழே இறங்கிவிடும். ஸ்பிரே செய்த ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் தினமும் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலிருந்து செடியை நகர்த்துவது அதைவிடப் பலன் தரும்.

மீதிப் பாதிக்குக் காரணம் தண்ணீர். ஓ.எம்.ஆர். பக்கம் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான் அதிகம். அதிலுள்ள உப்பு தொட்டியில் தங்கி, இலை நுனியில் வந்து சேர்கிறது. மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்தில் குடிக்க வரும் தண்ணீர் இதற்கு நல்லது. சிக்கனம் என்று அதன் கழிவுத் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில்தான் உப்பு இன்னும் அதிகமாக இருக்கிறது.

உங்களுக்கு இலவசமாகவே ஒரு வழி உண்டு. ஏசியிலிருந்து குழாய் வழியாகச் சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. வாளியில் பிடித்து, தூசியும் பாசியும் அடியில் படியும்வரை வைத்து, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். ஏசி சர்வீஸ் செய்த அன்று வரும் தண்ணீர் வேண்டாம், ஏசியின் குளிர்சுருளைக் கழுவிய ரசாயனம் கலந்திருக்கும். இந்தத் தண்ணீரில் சத்து எதுவும் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியை சிங்க்கில் வைத்து, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் பழைய உப்பு வெளியேறும். கருகிய நுனியைக் கத்தரிக்கும்போது ஒரு மயிரிழை பழுப்பை விட்டு வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் அங்கிருந்து மறுபடி காயும். இவ்வளவுக்குப் பிறகும் கருகினால் கலாத்தியாவை விட்டுவிட்டு அஸ்பிடிஸ்ட்ராவுக்கு மாறுங்கள்.

அண்ணா சாலை வாசகர்: சாகவே சாகாது என்று சொல்லிக் கொடுத்த இசட்இசட் செடி மூன்றே மாதத்தில் தண்டு மஞ்சளாகி, அடியில் கொழகொழவென்று சாய்கிறது. வாரம் இரண்டு முறை தவறாமல் தண்ணீர் ஊற்றினோம்.

தவறாமல் ஊற்றியதுதான் தவறு. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். அதோடு, அழகுத் தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

காப்பாற்றிப் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு பட்டால் அரிக்கும். செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து வரும் பல செடிகளில் வேரைச் சுற்றிச் செம்மண் உருண்டை இறுகியிருக்கும். சுற்றி நல்ல கலவையைப் போட்டாலும் நடுவில் அந்த உருண்டை வாரக்கணக்கில் சேறாகவே இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து முழுக்க எடுத்துவிடுங்கள். அழுத்தினால் உறுதியாக இருக்கும் கிழங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மெத்தென்றிருப்பவற்றைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறியுங்கள். வெட்டுவாயில் கரித்தூள் தடவி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள்.

கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 4 பங்கு, பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த வெள்ளைத் துகள்) 3 பங்கு, கொட்டைப்பாக்கு அளவில் உடைத்த தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, கரித்துண்டு 1 பங்கு. கோகோபீட்டை முதலில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு. கிழங்குகளைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் அகலமே அதிகமான, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். நட்டபின் ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம்.

அதற்குப் பிறகு 6 அங்குலத் தொட்டிக்கு ஒரு முறைக்கு 250 மில்லி, அடியில் வடியும்வரை. அடுத்த முறை, தொட்டி கையில் இறகு போல் தெரியும்போதுதான். உங்கள் வெளிச்சத்தில் அது மூன்று நான்கு வாரம் ஆகும். இன்னொன்று: தண்ணீர் ஊற்றும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். துப்புரவுப் பணியாளர், ரிசப்ஷன், மேலாளர் என்று மூன்று பேரும் அன்போடு ஊற்றிக் கொன்ற செடிகளே அலுவலகங்களில் அதிகம். மிச்ச டீயை ஊற்றுபவர் நான்காவது ஆள். சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சையும் வரும்.

பெருங்குடி வாசகி: மானிட்டர் முன்னால் குட்டிக் குட்டி ஈக்கள் பறக்கின்றன. செடியிலிருந்துதான் வருகிறது என்று எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள்.

உண்மைதான், அவை உங்கள் தொட்டி மண்ணில் பிறந்தவை. ஈர மண்ணின் மேல் அங்குலத்தில் முட்டையிடும் பூஞ்சை ஈக்கள். மேல் 3 செ.மீ. நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைத் தொட்டியில் செருகுங்கள். அட்டையில் சிக்குவது பறப்பவை மட்டுமே. மண்ணிலுள்ள புழுக்கள் தீர மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். மண்புழு உரமும் சாண உரமும் அலுவலகத் தொட்டிக்கு வேண்டாம், ஈக்கு விருந்தே அதுதான். வேப்பெண்ணெய் கேட்கும், ஆனால் ஏசி அறையில் அந்த வாசனையோடு திங்கள் முழுக்க உட்கார வேண்டும்.

தி.நகர் வாசகர்: எங்கள் கடை அடித்தளத்தில். லக்ஸ் 100-ஐத் தாண்டவில்லை. செயற்கைச் செடிதானா?

விளக்கு இருக்கிறதே. ஊதா நிற 'குரோ லைட்' கட்டாயமில்லை. வாடிக்கையாளர் முகமே வேறு நிறமாகத் தெரியும். சாதாரண 10 வாட் வெள்ளை எல்.ஈ.டி. பல்பு, ஒளியின் நிற அளவு 4000 கெல்வினோ 6500 கெல்வினோ, இலைக்கு 30 செ.மீ. மேலே தொங்கவிட்டால் நேர்கீழே சுமார் 2000 லக்ஸ் கிடைக்கும். அதே பல்பை இலையிலிருந்து 60 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் கால் பங்காகி 500. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்று என்பதை மறந்து, பல்பைக் கூரையில் மாட்டிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் அதிகம். டைமர் சுவிட்சில் 12 மணி நேரம் வையுங்கள், ஞாயிறும் எரியட்டும். 10 வாட் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு நான்கு யூனிட்கூட ஆகாது.

மயிலாப்பூர் வாசகி: மூடிய கண்ணாடி ஜாடியில் செடி வளர்க்கலாம் என்கிறார்களே, ஏசி அறைக்குச் சரிவருமா?

ஏசி அறைக்கென்றே செய்தது போலச் சரிவரும். ஜாடிக்குள் ஈரம் தானே சுற்றிக்கொள்ளும், வெளியே எவ்வளவு வறட்சியானாலும் கவலையில்லை. திறந்த தொட்டியில் திணறும் ஜுவல் ஆர்க்கிட்டை இதில்தான் வைக்க வேண்டும். லூடிசியா என்ற தென்கிழக்கு ஆசியக் காட்டுத்தரை ஆர்க்கிட் இது. பூவைவிட இலைதான் அழகு, கருஞ்சிவப்பு வெல்வெட்டில் செம்புக் கம்பி இழைத்தது போல நரம்புகள். கூட ஃபிட்டோனியா, நீலப் பளபளப்புள்ள செலாஜினெல்லா.

5 லிட்டர் ஜாடி என்றால் அடியில் 2 செ.மீ. கூழாங்கல், மேலே மெல்லிய கரிப் படுகை, அதன்மேல் 5 செ.மீ. கோகோபீட்டும் பெர்லைட்டும் கலந்த கலவை. நட்டபின் 100 மில்லிக்கு மேல் வேண்டாம். மூடிய ஜாடியில் ஊற்றியது வெளியே போக வழியில்லை. காலையில் ஒரு பக்கம் மட்டும் லேசாக வியர்த்து மதியம் தெளிந்தால் சரியான அளவு. நாள் முழுக்கக் கண்ணாடி மங்கலாக இருந்தால் இரண்டு மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். வெளிச்சம் 800 லக்ஸாவது வேண்டும், ஆனால் நேர்வெயில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஜாடி இட்லிப் பானை ஆகிவிடும்.

அம்பத்தூர் வாசகர்: ரிசப்ஷனில் லக்கி பாம்பூ தண்ணீரில் நிற்கிறது. கொசு வருமா?

நிச்சயம் வரும், அதுவும் டெங்கு பரப்பும் ஏடிஸ். நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். ஏழிலிருந்து பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும் என்பதால் வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், ஸ்க்ரப்பரால் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டிக்கடியில் இருக்கும் தட்டுகளுக்கும் இதே விதி.

நுங்கம்பாக்கம் வாசகர்: நாசா சொன்னபடி காற்றைச் சுத்தப்படுத்தும் செடி எது?

1989-இல் வந்த அந்த ஆய்வு சின்னஞ்சிறு மூடிய பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் அதையும் மற்ற ஆய்வுகளையும் மறுபடி கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்றார்கள், மேல் கணக்கு 1000. ஆள் உட்கார இடமிருக்காது. ஏசி ஃபில்டரைக் கழுவுங்கள், செடியை அழகுக்காக வையுங்கள்.

வேளச்சேரி வாசகி: உரம்?

19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) லிட்டருக்கு அரை கிராம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. புது இலை வராத செடிக்கு அதுவும் வேண்டாம்.

எழும்பூர் வாசகர்: பொங்கலுக்கு ஐந்து நாள் அலுவலகம் பூட்டியிருக்கும். ஏசியும் விளக்கும் கிடையாது. செடிகளை என்ன செய்வது?

இங்கே சொன்ன எதுவும் ஐந்து நாளில் தாகத்தால் சாகாது. கிளம்பும் அன்று 'பாவம்' என்று குடம் குடமாக ஊற்றிவிட்டுப் போவதுதான் ஆபத்து. இருட்டும் புழுக்கமும் ஈர மண்ணும் சேர்ந்தால் வேர் அழுகும். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவரை ஒட்டி நிற்பவற்றை மட்டும் அறையின் நடுவுக்கு நகர்த்திவிடுங்கள். ஏசி ஓடாத அந்தச் சுவரருகே ஜனவரியிலும் பிற்பகலில் இலை வெந்துபோகும்.