வீட்டில் பாட்டுப் பதிவு: முதலில் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், கம்ப்யூட்டர் அப்புறம்

நீங்கள் கேட்டது இது: பாடுவீர்கள், கிட்டாரும் வாசிப்பீர்கள். வீட்டிலேயே பதிவு செய்து பழக ஆசை. கையில் இருப்பது சில வருடம் பழகிய விண்டோஸ் லேப்டாப். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியே ஆக வேண்டுமா? மைக், கிட்டார் ஒலியை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் எது எடுக்கலாம்?

கம்ப்யூட்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இன்டர்ஃபேஸ், மைக், ஹெட்போன் இந்த மூன்றையும் வாங்கி, இருக்கிற லேப்டாப்பிலேயே மாட்டி நாலைந்து பாட்டு பதிவு செய்து பாருங்கள். அந்த லேப்டாப்பில் என்ன குறை என்பது அப்போதுதான் சரியாகத் தெரியும். நானும் வீட்டில்தான் பதிவு செய்கிறேன், புதிதாக ஆரம்பிக்கும் நண்பர்களுக்கு அமைத்தும் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் பணத்தின் பெரும்பகுதியைப் புது மெஷினில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த இன்டர்ஃபேஸை வாங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் பதிவு செய்வது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்கைப் பதிவு செய்தால் ஒரு நிமிடத்துக்கு 9 எம்பிகூட ஆகாது. பத்து வருடப் பழைய மெஷின்கூட இதை எழுதி வைத்துக்கொள்ளும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய், திரும்பி உங்கள் ஹெட்போனுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? இதைத்தான் லேட்டன்சி என்கிறோம். ஆரம்பத்தில் பலரைச் சோர்ந்துபோக வைப்பது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

48 கிலோஹெர்ட்ஸ் என்றால் இன்டர்ஃபேஸ் உங்கள் குரலை ஒரு வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்களைக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வதில்லை. சொட்டுச் சொட்டாக ஒழுகும் தண்ணீரைக் குடம் நிறைந்ததும் தூக்கிப் போவது போல, ஒரு தொகுதி சேர்ந்ததும் எடுக்கிறது. அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். ஒரு அளவீட்டுக்குச் சாம்பிள் என்று பெயர். 128 சாம்பிள் வைத்தால் குடம் நிறைய 2.7 மில்லிசெகண்ட், 256 வைத்தால் 5.3, 1024 வைத்தால் 21. உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை. அதற்கு மேல் டிரைவர் (இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் இடைவெளி, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்ற ஆகும் நேரம். ஆக 1024-இல் பாடினால் உங்கள் குரல் 40 மில்லிசெகண்டைத் தாண்டித்தான் காதுக்கு வரும். தாளத்தோடு ஒட்டிப் பாடவே முடியாது.

காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிற மாதிரி. கிட்டார் வாசிப்பவர் இதைச் சமாளித்துவிடுவார். பாடுபவருக்கு அது கடினம். அவருடைய குரல் தலையெலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடுகிறது, ஹெட்போனில் சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டும் கலக்கும்போது குரல் பொள்ளலாக, குழாய்க்குள் பாடுவது போல ஒலிக்கும். நன்றாகப் பாடுகிறவர்கள்கூட “என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

சரி, பஃபரைக் குறைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் கம்ப்யூட்டரின் வேகம் கணக்குக்கு வருகிறது. 128-இல் வைத்தால் ஒவ்வொரு தொகுதியின் வேலையையும் 2.7 மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும். ஒரே ஒரு முறை தவறினாலும் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். சராசரியாக எவ்வளவு வேகம் என்பது இங்கே பெரிதல்ல, மிக மோசமான அந்த ஒரு கணத்தில் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். பிராசசர் 20 சதவீதம்தான் ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜர் காட்டும்போதே சத்தம் வெடிப்பது இதனால்தான். வைஃபை டிரைவரோ, பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்போ நடுவில் புகுந்து ஓரிரு மில்லிசெகண்டைத் தின்றிருக்கும். லேட்டன்சிமான் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. விண்டோஸில் எந்த டிரைவர் இப்படி இடைஞ்சல் செய்கிறது என்று அது காட்டிவிடும். புது மெஷின் வாங்கும் முன் இதை ஓட்டிப் பாருங்கள்.

இந்தப் போராட்டமே இல்லாத வழி ஒன்று உண்டு: டைரக்ட் மானிட்டரிங். உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குப் போகும் அதே நேரத்தில் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே நேராக ஹெட்போனுக்கும் திரும்பிவிடும். தாமதம் என்று உணர எதுவும் இருக்காது. பஃபர் 1024-இல் இருந்தாலும் கவலையில்லை, பழைய லேப்டாப்பே போதும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். குறை என்னவென்றால், உங்கள் குரல் ரிவர்ப் (பெரிய அறையில் பாடுவது போன்ற எதிரொலி) எதுவும் இல்லாமல் பச்சையாகக் கேட்கும். சிலருக்கு அப்படிப் பாட வராது. சில இன்டர்ஃபேஸ்களில் உள்ளேயே ரிவர்ப் இருக்கிறது. உங்களுக்கும் அது தேவை என்றால் அதைத் தேடி வாங்கலாம். டைரக்ட் மானிட்டரிங்கை ஆன், ஆஃப் சுவிட்சாக மட்டும் கொடுக்கும் மாடல்களைவிட, உங்கள் குரலுக்கும் பின்னணி இசைக்கும் இடையே அளவைத் திருப்பி வைக்கும் குமிழோ கலவை அமைப்போ இருக்கும் மாடலே எனக்குப் பிடிக்கும்.

எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் பிளக்-இன் (பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் ஆம்ப்ளிஃபையர் போன்ற துணை மென்பொருள்) வழியாக வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் குறுக்கு வழி உதவாது. அந்தத் தொனி உருவாவதே கம்ப்யூட்டருக்குள்தான், அதனால் பஃபரைத் தாழ்த்தியே ஆக வேண்டும். அப்போது எல்லாம் டிரைவரின் தரத்தைப் பொறுத்தது.

இன்டர்ஃபேஸ் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் டிரைவரைத்தான். விண்டோஸில் இசைக்கென்று இருக்கும் வழி ஏ.எஸ்.ஐ.ஓ. 1997-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்தது. இன்டர்ஃபேஸைத் தயாரித்தவர்களே அதற்கென்று எழுதிய ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் இருக்க வேண்டும். மிக மலிவான சில மாடல்கள் அதைத் தராமல் ‘ஏ.எஸ்.ஐ.ஓ.4ஆல்’ போடச் சொல்லும். அது விண்டோஸின் வழக்கமான ஆடியோவுக்கு மேல் போட்ட ஒரு உறைதான். வேலை செய்யும், ஆனால் தாழ்ந்த பஃபரில் அதை நம்பி உட்கார முடியாது. மேக்கில் இதே வேலைக்கான கோர் ஆடியோ ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது. கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று போட்ட யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் எதுவும் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் லினக்ஸிலும் ஐபேடிலும்கூட ஓடும். தயாரித்த நிறுவனம் நாளைக்கு டிரைவரைக் கைவிட்டாலும் பொருள் வீணாகாது என்பது இதில் உள்ள பெரிய நன்மை.

ஆகவே காசு கொடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் டவுன்லோட் பக்கத்துக்குப் போய், உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். இன்டெல், ஏஎம்டி அல்லாத ஆர்ம் வகைச் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண மென்பொருள்கள் அதில் மொழிமாற்ற அடுக்கு வழியாக ஓடிவிடும், டிரைவர் அப்படி ஓடாது. ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். பழைய சாமான் சந்தையில் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புள்ள இன்டர்ஃபேஸ்கள் ஆசை காட்டும் விலையில் வரும். ஆரம்பிப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது உள்ளீடுகள். பாட்டையும் கிட்டாரையும் தனித்தனியாகப் பதிவு செய்வீர்கள் என்றால் ஒரு மைக் உள்ளீடே போதும். அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவீர்கள் என்றால் இரண்டு மைக் வேண்டும், எனவே மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் மைக் பிரீஆம்பும் இரண்டு வேண்டும். பெட்டியில் “2 உள்ளீடு” என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் இரண்டு உள்ளீடு உண்டு, மைக் பிரீஆம்ப் ஒன்றுதான். அதே வரிசையில் 2ஐ2-இல் இரண்டு. கிட்டாரை நேராகச் செருக ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த உள்ளீடும் இருக்கட்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் கிட்டாரின் பளபளப்பு போய்விடும்.

கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, எவ்வளவு தருகிறது என்பதையும் பாருங்கள். ஷூர் எஸ்எம்7பி மாதிரி மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்குக்கு ஏறக்குறைய 60 டெசிபெல் வேண்டும். சில இன்டர்ஃபேஸ்கள் அந்த அளவை எட்டாது. எட்டினாலும் குமிழின் கடைசித் திருப்பத்தில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே வரும். கண்டென்சர் மைக்குக்கு இவ்வளவு வேண்டாம், மைக் கேபிள் வழியாகவே அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் இருந்தால் சரி. ஆனால் அது உங்கள் அறையில் மின்விசிறி, தெருச் சத்தம், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்து வாரிக்கொள்ளும். சும்மா ஒரு படுக்கையறையில் பாடப் போகிறவருக்கு எஸ்எம்58 போன்ற ஒரு டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பாடச் சொல்வதே என் வழக்கம்.

மாடல் பெயர் வேண்டும் என்றால்: ஸ்கார்லெட் 2ஐ2, ஆடியன்ட் ஐடி14, மோட்டு எம்2, எஸ்எஸ்எல் 2, யுனிவர்சல் ஆடியோ வோல்ட் 2. இவற்றில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வீடியோ பார்க்க வேண்டாம். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் வரும் வித்தியாசம், இந்தப் பெட்டிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருப்பதற்கும் மயங்க வேண்டாம். மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், 44.1-லோ 48-லோ அதைப் பிடித்துவிடலாம். 192-இல் வைத்தால் ஃபைல் நாலு மடங்கு பெரிதாகும், பிராசசருக்கும் அந்த அளவு பாரம் கூடும். 24 பிட் மட்டும் உண்மையிலேயே பயன் தரும். சத்தமான இடம் −12 டெசிபெல் அருகே நிற்கும்படி தாராளமாக இடம் விட்டுப் பதிவு செய்யலாம், இரைச்சல் மேலே வராது. யுஎஸ்பி-சி என்பது பெரும்பாலும் பிளக்கின் வடிவம் மட்டுமே. ஒரு சேனலுக்கு வேண்டியது வினாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட், பழைய யுஎஸ்பி 2.0-வின் வேகமே 480 மெகாபிட்.

ஹெட்போன் காதை மூடும் வகையாக, பின்பக்கம் அடைத்ததாக இருக்கட்டும். திறந்த வகையில் பின்னணி இசை கசிந்து மைக்கில் ஏறிவிடும். மென்பொருளுக்கு இப்போதே செலவு வேண்டாம். ரீப்பரை 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். மேக் என்றால் கராஜ்பேண்ட் இலவசம்.

இனி உங்கள் லேப்டாப். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் கூட்ட இடமிருந்தால் 16 ஜிபி ஆக்குங்கள். பவர் அமைப்பை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கி, பதிவு செய்யும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள். இன்டர்ஃபேஸை ஹப்பில் இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். விடாத ஹம் சத்தம் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் உடனே நின்றால் கோளாறு மின் இணைப்பில், இன்டர்ஃபேஸைக் குறை சொல்ல வேண்டாம்.

டைரக்ட் மானிட்டரிங் இல்லாமல் பாடும்போது பஃபர் 128 அல்லது 256, பிறகு மிக்ஸ் செய்யும்போது 1024. மிக்ஸ் செய்கையில் தாமதம் யாரையும் பாதிக்காது, பிளக்-இன்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பாரம் மிகுந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்துவிடலாம், அதாவது பிளக்-இன் ஓடாமல் அதன் விளைவை ஒலியாகவே எழுதி வைத்துவிடலாம். இவ்வளவும் செய்த பிறகும் 256-இல் சத்தம் வெடிக்கிறது, லேட்டன்சிமானும் குறிப்பாக எந்த டிரைவரையும் காட்டவில்லை என்றால், அப்போது புது மெஷினுக்கான நேரம் வந்துவிட்டது.

அன்று கடைக்குப் போகும்போது கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், ஒலிக்கு அதனால் பயனில்லை. பிராசசரில் நிறையக் கோர் (கணக்குப் போடும் தனிப் பகுதி) என்பதைவிட ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பது முக்கியம். ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளக்-இன்கள் ஒன்றன் முடிவுக்கு மற்றொன்று காத்திருக்கும், அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. பியானோ, வயலின் கூட்டம் என்று பெரிய சாம்பிள் நூலகங்களை (இசைக்கருவிகளின் ஒலிப் பதிவுத் தொகுப்புகளை) ஏற்றப் போகிறீர்கள் என்றால் 32 ஜிபி ரேம், இல்லாவிட்டால் 16 போதும். ஆப்பிள் 2020-இல் எம்1 சிப்புக்கு மாறிய பிறகு வந்த மேக்குகள் இந்த வேலைக்கு மிக நன்றாக இருக்கின்றன. மேக்புக் ஏரில் மின்விசிறியே கிடையாது, மைக்குக்குப் பக்கத்தில் உட்காரும் மெஷினுக்கு இது பெரிய வரம். ஆனால் அவற்றில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். விண்டோஸ் பக்கம் அதே செலவில் டெஸ்க்டாப் அதிக வேகம் தரும், விசிறிச் சத்தத்தை மட்டும் மேசைக்குக் கீழே தள்ளி வைக்க வழி பாருங்கள்.

உங்கள் லேப்டாப் மாடல், விண்டோஸ் பதிப்பு, பாடிக்கொண்டே வாசிப்பீர்களா இல்லையா, இந்த மூன்றையும் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒற்றை பிரீஆம்ப் போதுமா, இரண்டு வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.