பெய்ட் தனியாகவே காலனி தருகிறதே, ஏன்?

கேள்வி: நாகர்கோவில் கல்லூரி ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மட்டி வாழையில் பழம் பழுப்பதோடு தொடர்புடைய நாக் (NAC) குடும்பப் புரதம் ஒன்றை ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் முறையில் (இரு புரதங்கள் பிணைகின்றனவா என ஈஸ்ட்டில் சோதிப்பது) பெய்ட்டாக, அதாவது தூண்டில் புரதமாக, வைத்திருக்கிறேன். அதில் ஒட்டுகிறதா எனப் பார்க்கும் புரதமான பிரே இல்லாமல், வெற்று பிரே பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) போட்டாலும் ஹிஸ்டிடின் இல்லாத பிளேட்டில் காலனி வருகிறது. மீடியா தவறா?

பதில்: முதலில் அதையே உறுதிசெய்யுங்கள். பெய்ட், பிரே இரண்டுமே வெற்று பிளாஸ்மிடாக உள்ள ஈஸ்ட்டை அதே பிளேட்டில் வையுங்கள். அதுவும் தழைத்து வளர்ந்தால் மீடியாவைச் சந்தேகிக்கலாம். வளராவிட்டால் உங்கள் புரதம்தான் காரணம்.

1989இல் ஃபீல்ட்ஸும் சாங்கும் வெளியிட்ட இந்த முறையில் கேல்4 புரதம் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. டிஎன்ஏவைப் பற்றும் பகுதி பெய்ட்டோடும், மரபணுவை இயக்கும் பகுதி பிரேயோடும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஹிஸ்3 மரபணு இயங்கி, ஈஸ்ட் தனக்கு வேண்டிய ஹிஸ்டிடினைத் தானே தயாரித்து வளர வேண்டும். நாக் புரதமோ டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர், அதாவது மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதம். இயக்கும் திறன் பெரும்பாலும் அதன் சி-முனையிலேயே (புரதச் சங்கிலியின் கடைசி முனை; தொடக்க முனை என்-முனை) இருப்பதால், துணையில்லாமலே ஹிஸ்3-ஐ இயக்கிவிடும். ஆட்டோ ஆக்டிவேஷன் என்பது இதுதான்.

ஹிஸ்3 என்சைமைத் தடுக்கும் 3-அமினோடிரையசோலைச் சேர்த்துப் பாருங்கள். 1 மோலார் கரைசலை நீரில் தயாரித்து, ஃபில்டர் வழியே வடிகட்டி வையுங்கள். ஆட்டோகிளேவ் செய்த மீடியா 55 டிகிரிக்கு ஆறியபின் 500 மில்லிக்கு 5 மில்லி விட்டால் 10 மில்லிமோலார் கிடைக்கும். 0, 2.5, 5, 10, 20, 30 மில்லிமோலார் என வரிசையாக ஊற்றுங்கள். பெய்ட்டும் வெற்று பிரேயும் உள்ள ஈஸ்ட்டின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவே உங்களுக்கு உரியது. அதற்கு மேல் ஏற்றினால் பலவீனமான உண்மைப் பிணைப்புகளும் மறைந்துவிடும்.

30 மில்லிமோலாரிலும் நிற்காவிட்டால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். சி-முனையைக் கட்டம் கட்டமாக வெட்டிய துண்டுகளைச் செய்யுங்கள். என்-முனையில் உள்ள நாக் டொமைனை விட்டுவைக்கலாம். ஆனால் வெட்டிய பகுதியில் ஒட்டும் துணைப் புரதங்கள் இதில் சிக்காது. பல பிரே புரதங்களின் தொகுப்பில் துணையைத் தேடும் லைப்ரரி தேடலாக இல்லாமல், தெரிந்த ஒரு ஜோடியைத்தான் சோதிக்கிறீர்கள் என்றால் பெய்ட்டையும் பிரேயையும் இடம் மாற்றுவதே எளிது. அந்த இன்னொரு புரதம் பெய்ட்டாகத் தானே இயக்குகிறதா என்பதையும் முன்கூட்டிப் பாருங்கள்.

குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் பிளேட்டில் நீர் துளித்து, அதில் வைக்கும் ஈஸ்ட் சொட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஊற்றிய பிளேட்டை லாமினார் ஃப்ளோவில் உலரவிட்டு, 30 டிகிரியில் கவிழ்த்து வையுங்கள். செல்லை அடர்த்தியாக வைத்தால் உள்ளே மிஞ்சிய ஹிஸ்டிடினிலேயே மெல்லிய படலம் வரும். பத்து பத்து மடங்காக நீர்க்கச் செய்து 5 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வையுங்கள். லியூசின், டிரிப்டோபன் மட்டும் இல்லாத பிளேட்டிலும் அதே சொட்டுகள் இருக்கட்டும்; இரண்டு பிளாஸ்மிடும் உள்ள ஈஸ்ட் பிணைப்பு இல்லாமலே அதில் வளரும் என்பதால் ஒப்பிட அது வேண்டும். 3 முதல் 5 நாளுக்குள் முடிவெடுங்கள். அதற்குப் பிறகு தோன்றும் சிறு காலனிகளைப் பிணைப்பாக எண்ண வேண்டாம்.