சின்ன சிக்லிட் மீன்கள் சட்டென்று செத்துவிடுமா? புதிதாக வளர்ப்பவர்கள் வாங்கலாமா?

எந்தச் சிக்லிட் என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. கிரிபென்சிஸ் என்ற வகை கெட்டி, லேசில் சாகாது. ஜெர்மன் புளூ ராம் தொட்டாற்சிணுங்கி. புதியவர்கள் அழகைப் பார்த்து முதலில் கை வைப்பது ராமில்தான், அதனால்தான் சின்ன சிக்லிட் என்றாலே சாகும் மீன் என்று பேர் வந்துவிட்டது.

ராமின் பூர்வீகம் வெனிசுவேலா, கொலம்பியா பக்கத்து ஒரினோகோ ஆற்றுப் படுகை. அதற்கு 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பு வேண்டும். மற்ற மீன்களுக்கு வசதியான 24 டிகிரியில் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது. மெல்ல நிறம் மங்கும், மூலையில் ஒதுங்கும், பிறகு ஏதாவது ஒரு நோய் வந்து கொண்டுபோகும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். கடையில் முழு நிறத்தோடு நிற்கும் ராம் அதில் ஒரு பங்கை ஏற்கெனவே வாழ்ந்து முடித்திருக்கும்!

என்னைக் கேட்டால் பொலிவியன் ராமில் தொடங்குங்கள். நிறம் கொஞ்சம் கம்மி, ஆனால் 23 முதல் 26 டிகிரியில் நிம்மதியாக இருக்கும், சின்னச் சின்னத் தவறுகளையும் பொறுத்துக்கொள்ளும்.

எந்த வகையானாலும் புதுத் தொட்டியில் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சோதித்துப் பார்த்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைத் துரத்திக்கொண்டு மருந்து ஊற்றுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பண்ணையில் பிறந்த மீன்கள் 7, 7.5 அளவுக்கெல்லாம் பழகிவிடும். அளவு ஏறி ஏறி இறங்குவதைத்தான் தாங்காது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் காலி நத்தை ஓடுகளுக்குள் வாழும் சங்குவாசி சிக்லிட்கள் வேறு கதை. கடினமான காரநீர் இல்லாமல் அவை சரிப்படாது, ராமோடு ஒரே தொட்டியில் போடவே கூடாது.

சண்டை? இருக்கும். கிரிபென்சிஸ் ஜோடி குகைக்குள் முட்டையிட்டால், தரையில் மேயும் கோரிடோரஸ் மீன்களுக்குக் கெட்ட காலம். 60 செ.மீ. தொட்டிக்கு ஒரே ஜோடி, அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடம் நிறைய இருக்கட்டும், அடியில் மெல்லிய மணல் போடுங்கள். இவற்றில் பல மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடும்.

வாங்கும்போது கடைக்காரரை எதிரிலேயே இரை போடச் சொல்லுங்கள். ஓடி வந்து தின்னாத மீனோ, வயிறு ஒட்டிப்போய் வெள்ளை நூலாகக் கழிவு தொங்கும் மீனோ, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.